சுண்டுவிரல் இல்லாத அம்மன்

எங்கள் நூதனசாலைக்குள் நுழைய வேண்டுமானால் ஒரு சாமிக்குக் கையோ காலோ மூக்கோ போயிருக்க வேண்டும். முழுசான விக்கிரகத்தை எந்தக் கோயிலும் தராது. பின்னப்பட்டதற்குப் பூசை இல்லை என்பதால் அது மட்டும் எங்களிடம் வரும். கோயில் வீதியில் இரண்டு அறை வீடு. தலையில்லாத நந்தி, ஒல்லாந்தர் காலத்து அலுமாரி, செல்லாக் காசுகள். இவற்றுக்குக் காவலாக, கொக்குவிலிலிருந்து சைக்கிள் உழக்கி வரும் வாத்தியாராகிய நான். பள்ளிக்கூடங்களில் பாதி அகதி முகாமாகிவிட்டதால் எனக்கு நேரம் கிடந்தது.

தொல்லியல் நூல்களும் துப்பறியும் நாவல்களும் ஒரேயளவு வாசித்திருந்தேன். குணத்தில் ஒட்டியது இரண்டாவதுதான். "தேத்தண்ணியிலை சீனி குறைஞ்சாலும் உங்களுக்கு அதுக்குப் பின்னாலை ஆரோ நிக்கினம்" என்பாள் மனைவி.

கீரிமலைப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்து வந்த வருடம், வயதான ஐயர் ஒருவர் சாக்கில் சுற்றிய ஐம்பொன் அம்மனைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தார். அருமையான வேலைப்பாடு. தொங்கும் இடக்கையில் சுண்டுவிரல் மட்டும் இல்லை.

"எப்ப ஐயா உடைஞ்சது?"

"அது கன காலம்" என்றார், நிலத்தைப் பார்த்தபடி.

அம்மனின் மேனி முழுவதும் எண்ணெய் ஊறிய கறுப்பு. விரல் போன இடம் மட்டும் புதுக் காப்புப்போல மஞ்சளாக மின்னியது. போதாததற்கு அது உடைந்த இடமாகவும் தெரியவில்லை. வழுவழுப்பாக அரிந்திருந்தது. பொன் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்க யாரோ துண்டு வெட்டியிருக்கிறார்கள் என்று தீர்மானித்தேன். எங்கள் நூதனசாலைச் சபைத் தலைவரிடம் ஓடினேன். அவர் இளைப்பாறிய தபாலதிபர்.

"உவர் ஐயர்தானோ எண்டே எனக்கு டவுட்."

"பூணூல் கிடக்குதே ஐசே."

"பூணூல் கடையிலையும் விக்குது."

தலைவர் யோசித்தார். "ஞாயிறு கூட்டத்திலை நீரே சொல்லும். களவுச் சாமான் எங்களுக்கு வேண்டாம். அம்மனை உவரிட்டையே திருப்பிக் குடுத்துவிடுவம்."

அதன்பின் ஐயர் தினமும் மத்தியானம் ஆளில்லாத நேரம் பார்த்து வரத் தொடங்கினார். அம்மன் இருந்த கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால், பொலிஸ்காரன் மாதிரிக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். கும்பிட மாட்டார். ஒரு ஐயர் அம்மனைக் கும்பிடாமல் நிற்பதை நான் எந்த நாவலிலும் வாசித்ததில்லை. இடையிடையே மடியில் எதையோ தடவிப் பார்த்துக்கொள்வார்.

சனிக்கிழமை ஒல்லாந்து அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். அலுமாரிக்கு முந்நூறு வருடத்துத் தூசி. தும்மிவிட்டேன்.

"மாஸ்ரர், அங்கை என்ன தேடுறியள்?"

"பூச்சி" என்றேன். மானம் போனபின் மரியாதை எதற்கு? "ஐயா, உங்கடை மடியிலை என்ன?"

அவர் மடியை அவிழ்த்து, பட்டுத் துணி ஒன்றை விரித்தார். சுண்டுவிரல்.

"நான்தான் அரிஞ்சனான்."

"ஏன்?"

"ஒரு வகுப்பறைக்குள்ளை ஆறு குடும்பம் கிடக்கிறம். ஒருபக்கம் மீன் கொதிக்குது, ஒருபக்கம் குழந்தைப் பிள்ளையின்ரை பீத்துணி காயுது. அங்கை வைச்சுப் பூசை செய்யேலுமோ? முழுசாயிருந்தால் அவவுக்கு வேளைக்கு வேளை நைவேத்தியம் வேணும். பட்டினி போடேலாது. பின்னமாப் போனால் பசியில்லை."

"அம்மன்ரை சக்தியைக் கும்பத்திலை இறக்கி வைச்சிருக்கலாமே" என்றேன், வாசித்த திமிரில்.

"கும்பத்துக்கும் பூசை வேணும் மாஸ்ரர். கையை வெட்டினால் உருக்கித்தான் வார்க்கவேணும். விரலெண்டால் ஒட்டலாம். ஊருக்குப் போனவுடனை ஒட்டிக் கும்பாபிஷேகம் செய்வன்."

"அப்ப ஏன் ஒவ்வொரு மத்தியானமும் வாறியள்?"

"பூசை நேரமெல்லே. இருப்புக் கொள்ளுதில்லை."

"கையை ஏன் பின்னாலை கட்டிக்கொண்டு நிக்கிறியள்?"

"விட்டால் கும்பிட்டுப்போடும். கும்பிட்டால் பிறகு விடேலாது" என்றார். போகும்போது வாசலில் திரும்பி, "அவவைத் திருப்பித் தந்துபோடாதேங்கோ" என்றார்.

அவர் போனபின் ஜாம் போத்தல் விளக்கை எடுத்தேன். மண்ணெண்ணெய் தட்டுப்பாட்டில் எங்களிடம் தாராளமாக இருந்த ஒரே பொருள் விளக்குக் கரி. அதை நல்லெண்ணெயில் குழைத்து, விரல் போன இடத்தில் தடவித் தேய்த்தேன். என்னைவிடக் கெட்டிக்காரக் கள்ளன் அழகாகச் செய்திருப்பான்.

ஞாயிறன்று தலைவர், முத்திரை பார்க்கும் பூதக்கண்ணாடியோடு வந்தார்.

"பழசு மாதிரியெல்லே கிடக்கு?"

"ஓம், பழசுதான்."

"நீர் டவுட் எண்டீர்?"

"இப்ப இல்லை."

"உமக்கே இல்லையெண்டால் பிறகு ஆருக்கு ஐசே இருக்கப்போகுது!" அம்மன் தங்கினாள். கூட்டம் முடியும்வரை தலைவரின் பூதக்கண்ணாடி அடிக்கடி என் பக்கம் திரும்பியது. என் நகக்கண்ணில் கரி இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

மறுநாள் மத்தியானம் ஐயர் வந்தார். கைகளைக் கட்டிக்கொண்டு குனிந்து, அம்மனின் இடக்கையை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மாஸ்ரர், உதிலை ஆர் கை வைச்சது?"

"பூச்சியாயிருக்கும்" என்றேன்.