கேட்டுக்குக் குழி தோண்டிய அத்தான்

எங்கள் வீட்டு கேட்டில் தாழ்ப்பாள் மட்டும்தான் உண்டு, பூட்டு கிடையாது. ஆனால் பூட்டுக்காகத்தான் அந்த கேட்டே வந்தது.

அப்பாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. நேர் எதிரே இருப்பது தெரியும். காலடியும் பக்கவாட்டும் தெரியாது. அப்படியும் தினமும் சாயங்காலம் கைத்தடியை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டு டீக்கடைக்குத் தனியாகப் போய்விடுவார். அங்கே அவரைப் போலவே பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற கூட்டாளிகள் இரண்டு மூன்று பேர் காத்திருப்பார்கள். அம்மா போன பிறகு அவர் வாய்விட்டுச் சிரிப்பது அந்த பெஞ்சில் மட்டும்தான்.

இது என் அக்கா வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. அத்தான் இந்தத் தெலுங்கு ஊரிலேயே குஷாய்குடா பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தொழிற்சாலை அவரை விட்டுவிட்டது, அவர்தான் பாதுகாப்பை விடவில்லை. நாங்கள் கேஸ் அடுப்பு பற்றவைத்தால்கூடப் பின்னால் வந்து நின்று மூச்சுவிடுவார்.

"மாமாவை இனிமே தனியா அனுப்பக் கூடாது. பெரிய இரும்பு கேட்டா போட்டு, பூட்டி, சாவியை உங்க அக்காகிட்ட ஒண்ணு, உன்கிட்ட ஒண்ணு வச்சிருங்க" என்றார். அப்பா அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா, "கேட்டு வரட்டும், பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார்.

கேட் கம்பம் நட இரண்டு குழி தோண்ட ஒரு ஆள் வந்தார். பழைய கேட்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தாயிற்று. முதல் குழி அத்தான் வருவதற்கு முன்பே முடிந்துவிட்டதால் ஒழுங்காக அமைந்தது: ஒடுக்கமாக, செங்குத்தாக, ஆழமாக. அதில் கம்பமும் நின்றுவிட்டது. இரண்டாவதை ஆரம்பிக்கும்போது அத்தான் மஞ்சள் ஹெல்மெட்டோடு வந்து இறங்கினார். வாசலில் ஹெல்மெட்! தலையில் விழ மேலே வேப்பங்காய்கூட இல்லை.

"ஓரத்தைச் சரிவா வெட்டணும், இல்லைன்னா மண் சரியும்" என்றார். ஆள் உயரத்துக்குப் பள்ளம் வெட்டுகிறவர்களுக்கு யாரோ சொன்னதைக் கம்பம் நடும் குழிக்குக் கொண்டுவந்துவிட்டார். குழி வாணலி மாதிரி அகலமாகிக்கொண்டே போனது. தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவிக்கச் சொன்னார், திரும்பத் தள்ள வசதியாம். அப்புறம் கடப்பாரை டங் என்றது. பாறை. இந்த ஊரில் தோண்டினால் பெரும்பாலும் அதுதான்.

அத்தான் எட்டிப் பார்த்து, தமக்குத் தெரிந்த தெலுங்கில் முழங்கினார்: "கல்லு உந்தி! கல்லு!"

தெலுங்கில் கல்லு என்றால் கள். நம் கல்லுக்கு அவர்கள் ராயி என்பார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் இந்த ஊர்ச் சோற்றைத் தின்றவருக்கு இது தெரியவில்லை. தோண்டுகிறவர் முகம் மலர்ந்து நிமிர்ந்தார். "கல்லா? ஏட உந்தி சார்?"

எங்கே என்று கேட்கிறார் பாவம். அத்தான் குழிக்குள் விரலை நீட்டி, "லோபல! சாலா உந்தி!" என்றார். உள்ளே நிறைய இருக்கிறதாம். அந்த மனிதர் குழியைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார், ஹெல்மெட்டையும் பார்த்தார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். "அத்தான், அவங்களுக்கு அது ராயி" என்றேன். "நீ சும்மா இரு, எனக்குத் தெரியாத லேபரா?" என்றவர் ஹிந்திக்குத் தாவினார். "கல் ஹை, கல்! சமஜ்தா?"

ஹிந்தியில் கல் என்றால் நாளை. "ஹவ் சார், கல் ஆத்தூம்" என்று, நாளைக்கு வருவதாகச் சொல்லி, அந்த ஆள் சந்தோஷமாகக் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். மதியச் சாப்பாட்டு நேரம்கூட ஆகவில்லை.

தாம் சொன்னதைத்தான் அவர் செய்தார் என்று அத்தானுக்கு ஏறவே இல்லை. "சோம்பேறிப் பசங்க" என்றார். வாசலில் குழி வாய் பிளந்து கிடந்தது. நான் பின்கட்டிலிருந்து ஒரு கனமான பலகையை இழுத்து வந்தேன்.

"மூடாதே. மூடினா குழி இருக்கறதே தெரியாது. தெரியாத குழிதான் ஆபத்து."

"திறந்து கிடந்தா மட்டும் அப்பா கண்ணுக்குத் தெரியுமா அத்தான்?"

அத்தான் குரோட்டன்ஸ் செடிக்கும் சுவருக்கும் நடுவே சிவப்பு வெள்ளை ரிப்பன் கட்டினார். வேலை முடிந்துவிட்டதாம். இந்த மனிதரை நம்பி ஒரு தொழிற்சாலையே ஓடியிருக்கிறது என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் திகிலாக இருக்கிறது.

அப்பா மட்டும் மெதுவாக இறங்கி வந்தார். கைத்தடியால் மண்குவியலைத் தட்டினார், விளிம்பைத் தட்டினார், சுவரைத் தொட்டபடி குழியைச் சுற்றி அந்தப் பக்கம் போனார், திரும்பி வந்தார். "இவ்வளவு அகலமா எதுக்கு? யானையைக் கட்டப் போறோமா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

சாயங்காலம் அத்தான் ரிப்பனோடு குழியைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட ஆசைப்பட்டார். முழுசாக விழவேண்டும் என்று மண்குவியல் மேல் ஏறி நின்றார். படம் விழுந்ததோ இல்லையோ, அவர் விழுந்தார். குவியல் சரிந்து, தொடை வரைக்கும் குழிக்குள். சரிவாக வெட்டிய ஓரம் வழுக்கிக்கொண்டே கொண்டுபோய்விட்டது.

நானும் சத்தம் கேட்டு ஓடிவந்த அக்காவும் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தோம். கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. ஐஸ் கட்டியை வைத்தபடியே அக்கா, "பார்த்தியா? இதே அப்பாவா இருந்தா? இதுக்குத்தான் பூட்டு வேணும்னு இவர் தலைப்பாடா அடிச்சுக்கிட்டார்" என்றாள். அத்தான் வலியிலும் தலையாட்டினார். எனக்கு அந்த இன்னொரு காலையும் மிதிக்கலாம் போலிருந்தது.

அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு உள்ளேயிருந்து வந்தார். கைத்தடியை எடுத்தார். யாரும் எதுவும் சொல்வதற்குள் படி இறங்கி, சுவரைத் தொட்டு, விளிம்பைத் தட்டி, குழியைச் சுற்றிக் கேட் இல்லாத வாசலில் போய் நின்றார். அங்கிருந்து திரும்பி, மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

"மாப்பிள்ளை, நான் டீ குடிச்சிட்டு வர்ற வரைக்கும் தனியா வெளியே இறங்காதீங்க. வாசல்ல குழி இருக்கு."