ஒரு சாவுக்கு ஒரு கூரை

எங்கள் தீவில் விலிமைனா அக்காவைத் தெரியாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் போன வாரக் கப்பலில் வந்திறங்கிய பாதிரியார். இன்னொருவர், அக்கா வருஷக்கணக்காகப் படுக்கை விரித்து வைத்துக் காத்துக்கொண்டிருந்த நாட்டுத் தலைவர்.

ஊருக்கு மேலே மேட்டில் இருக்கிற மர வீட்டுக்கு அரசாங்கம் வைத்த பெயர் தலைவர் மாளிகை. வெள்ளைக்கார கவர்னர் கட்டியது. பிஜிக்குச் சுதந்திரம் வந்ததும், நாட்டுத் தலைவர் தீவுக்கு வந்தால் தங்குவதற்கு என்று ஒதுக்கினார்கள். முதல் தலைவர் நிஜமாகவே தங்கினார். அவர் காலத்தில்தான் அக்கா அங்கே வீட்டு வேலைக்குச் சேர்ந்தாள். அடுத்தவர் சாப்பிட மட்டும் வந்தார். அதற்கடுத்தவர் வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அப்புறம் வந்தவர்கள் கடற்கரை ஹோட்டலில் உட்கார்ந்தபடியே மேட்டைக் காட்டி, "நம்ம சரித்திரப் பொக்கிஷம்" என்றார்கள். கை காட்டுவதற்கு என்ன செலவு!

ஒவ்வொரு புயலும் போகிற போக்கில் பொக்கிஷத்தின் கூரையில் ஒரு தகரத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது. அக்கா சொல்லி அனுப்புவாள். தலைநகர் சுவாவிலிருந்து ஒரு அதிகாரி வருவார். அண்ணாந்து ஓட்டையைப் பார்ப்பார். ஓட்டை வழியாக வானத்தைப் பார்ப்பார். "நல்ல வெளிச்சமா இருக்கே" என்று பாராட்டிவிட்டு, அக்கா கையால் தேங்காய்ப் பாலில் வேகவைத்த மீனைச் சாப்பிட்டுவிட்டுக் கப்பலேறுவார்.

வீடு நனைந்தது. ஆனால் சாமான்கள் நனையவில்லை. அதற்கு எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். இங்கே கெரெகெரே என்று ஒரு வழக்கம். சொந்தக்காரன் வந்து "இதைக் கொடு" என்று கேட்டால், இல்லை என்று சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த கல்யாணத்தில் உன்னைப் பற்றித்தான் பேச்சு. அக்காவுக்கோ தீவில் பாதிப் பேர் சொந்தம். மீதிப் பாதியின் தாய்மார்கள் சொந்தம்.

முதலில் சாப்பாட்டு மேஜை சர்ச்சுக்குப் போனது. பின்னாலேயே நாற்காலிகள் போயின, மேஜை தனியாக இருக்குமே என்று. பித்தளை விளக்கு மீன்பிடிச் சங்கத்துக்கு. முன்வாசல் கதவு, கலியாணமான ஒரு தங்கச்சி பையனுக்கு. கவர்னர் இங்கிலாந்திலிருந்து வரவழைத்த வெள்ளைக் குளியல் தொட்டி அக்காவின் தம்பி அபெனிசா வீட்டுக்குப் போய், பன்றிக்குத் தீனி வைக்கிற தொட்டியானது. வேரை இடித்துத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கிற கவா விற்பது என் தொழில்; என் கடைச் சுவரில் ஒரு பெரிய கடிகாரம் உண்டு. அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

கடைசியில் அக்காவிடம் மிஞ்சியது தலைவரின் கட்டில் மட்டும்தான். அதையும் கேட்டு வந்தார்கள். "அது பிரசவத்துக்கு ராசியில்லாத கட்டில்" என்று ஒரு புரளியைக் கிளப்பிவிட்டுக் காப்பாற்றிக்கொண்டாள்.

இப்படி இருக்கும்போது புதிதாக வந்த தலைவர் ஒரு முடிவுக்கு வந்தார். அவர் பெயர் வேண்டாம், அவர் மச்சினி என் கடை வாடிக்கை. மாளிகையை இடித்துவிட்டு அங்கே ஏசி வைத்த கான்கிரீட் விருந்தினர் விடுதி கட்டுவது. ஒப்பந்தக்காரர் யார் என்று என்னைக் கேட்காதீர்கள், சொல்லிவிடுவேன். தலைவருடைய சகலை. அதற்கு முன்னால் மரியாதைக்காக, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற பழமைக் குழு ஒன்றை அழைத்துக்கொண்டு தலைவரே நேரில் வந்து பார்த்து, "காப்பாற்ற அங்கே ஒன்றும் மிச்சமில்லை" என்று வருத்தப்படுவதாக ஏற்பாடு.

சேதி வந்த அன்று அக்கா என் கடைக்கு வந்து, கவா இடிக்கிற உரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வீடு போனா நான் படுக்கற பின்கட்டு அறையும் போச்சுடா. சுவாவுக்கு, மகன் வீட்டுக்குப் போகணும்."

"போயேன் அக்கா. மகன்தானே. ராணி மாதிரி வெச்சுப்பான்."

"மாடியில வெச்சுப்பான். மருமக பாக்கெட்டைக் கிழிச்சு வெந்நியில கொட்டி அதை சாப்பாடுன்னு சொல்றவ. ஜன்னலைத் தொறந்தா எதிர் வீட்டு ஜன்னல். நான் அங்க போனா மழைக்காலம் முடியறதுக்குள்ள செத்துடுவேன். கடலைப் பாக்காம கண்ணை மூடச் சொல்றியா?"

அன்று அவள் சிரிக்கவில்லை. நான் உலக்கையை எடுத்துக் கவாவை இடிக்க ஆரம்பித்தேன்.

அப்போது அபெனிசா உள்ளே வந்தான். கிராமத்துப் பெரியதனக்காரருக்காகச் சபையில் பேசுவது அவன் குடும்பத்துத் தொழில். சாதாரணமாகப் பேசினால் திக்குவான். சபையில் பேசினால் கல்லும் தூங்கிவிடும், அவ்வளவு நீளம்.

அக்கா அவனிடம் கேட்டாள்: "தம்பி, என் கலியாணத்துக்கு வந்த திமிங்கலப் பல்லு உன் பெட்டியில இருக்கா, அதையும் எவனாவது கேட்டு வாங்கிட்டுப் போயிட்டானா?"

"இருக்கு. எ… எதுக்கு?"

"தலைவர் கையில குடுத்து ஒண்ணு கேக்கணும்."

திமிங்கலப் பல் என்றால் எங்கள் ஊரில் விளையாட்டில்லை. அதை நீட்டி ஒன்று கேட்கும்போது எதிராளி கையில் வாங்கிவிட்டால், கேட்டதைக் கொடுத்துவிட்டதாக அர்த்தம். ராஜாவாக இருந்தாலும் மாற்ற முடியாது.

"கூரை போட்டுக் குடுக்கச் சொல்லிக் கேளு அக்கா" என்றேன்.

"போடா. கூரை போடச் சொன்னா கமிட்டி போடுவாங்க. தங்கச் சொன்னா நனைவாங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா சர்ச் வாசலில் நின்று, வெளியே வந்த ஒவ்வொருவரிடமும் கெரெகெரே கேட்டாள். அவரவர் வாங்கிக்கொண்டு போனதையே திருப்பிக் கேட்டாள். யாரும் மறுக்க முடியவில்லை. எங்கள் வழக்கம் இப்படித் திரும்பி வந்து கடிக்கும் என்று யார் கண்டது? மேஜை வந்தது, விளக்கு வந்தது, கதவு வந்தது, என் கடிகாரமும் போனது. குளியல் தொட்டியை மணலும் எலுமிச்சை இலையும் போட்டு ஊரே தேய்த்தது. பார்க்கப் பளபளவென்று ஆனது. வாசனை மட்டும் கவர்னர் வாசனை இல்லை.

தலைவர் வந்த அன்று வானம் இருட்டிக்கொண்டிருந்தது. பழமைக் குழுவின் கண்ணாடிக்காரர் வீட்டுக்குள் போனவர் வாயைப் பிளந்தார். "நம்பவே முடியலை! இவ்வளவு காலமாகியும் மரச்சாமான் எதிலயும் ஈரமே படலையே. இந்த அம்மா எப்படித்தான் பராமரிச்சாங்களோ!" அக்கா தலையைக் குனிந்து, "எல்லாம் ஊர் ஒத்துழைப்புங்க" என்றாள். தலைவரின் முகம் சுருங்கியது. சகலையின் முகம் அதைவிட.

பிறகு முற்றத்தில் பாய் விரித்து வரவேற்பு. கவா கலக்கினோம். அபெனிசா திமிங்கலப் பல்லை இரண்டு கையிலும் ஏந்தி முழங்கால் போட்டு நடந்து வந்து ஆரம்பித்தான். கடலை வாழ்த்தினான், மலையை வாழ்த்தினான், தலைவரின் முப்பாட்டனை வாழ்த்தினான். தலைவர் பிரசாரத்தில் இந்த மாதிரி எத்தனையோ பல் வாங்கியவர். பாதியிலேயே காதை மூடிவிட்டு, தொடைக்குப் பக்கத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்த்துக்கு நடுவில், குரலைக் கூட ஏற்றாமல் அபெனிசா சொன்னான்: "…இந்தத் தீவுக்கு நீங்க எப்ப வந்தாலும், இன்னைக்கு ராத்திரி தொடங்கி, இந்தக் கூரைக்குக் கீழதான் தூங்கணும். இந்த வீடு நிக்கணும், அதுல நீங்க படுக்கணும்னு எங்க ஜனம் கேக்குது…"

தலைவர் கையை நீட்டினார். பல்லை வாங்கினார். வழக்கப்படி முகர்ந்து, "சந்தோஷமா ஏத்துக்கறேன்" என்றார். ஊரே மூன்று முறை கை தட்டியது. மழையும் அப்போதுதான் ஆரம்பித்தது.

அவருடைய செயலாளர் குனிந்து காதில் சொன்னார். தலைவர் போனைக் கீழே வைத்தார்.

"எங்க தூங்கணும்?"

"இங்கதான் ஐயா."

"ஹோட்டல்ல ரூம் போட்டிருக்கே."

"பல்லைக் கையில வாங்கிட்டீங்களே ஐயா."

"திருப்பிக் குடுத்தா?"

"குடுக்கலாம் ஐயா. ஆனா தேர்தலுக்கு இந்தப் பக்கம் வர முடியாது. அம்மாவும் இந்தத் தீவுக்காரங்க."

அம்மா என்றால் தலைவரின் மனைவி. அவர் அங்கேயே உட்கார்ந்து, சகலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் தலைவர் மாளிகையிலிருந்து இறங்கி வந்ததை ஊரே பார்த்தது. கட்டிலை அறையின் எல்லா மூலைக்கும் இழுத்துப் பார்த்தாராம். மழையும் கூடவே வந்ததாம். கடைசியில் ஒழுகாத இடம் குளியலறை ஒன்றுதான் என்று கண்டுபிடித்து, தொட்டிக்குள் தலையணை போட்டுப் படுத்தாராம். என் கடைப் பக்கம் வந்தபோது செயலாளரிடம், "அந்தத் தொட்டியில ஒரு மாதிரி வாசனைப்பா" என்று சொன்னதை நானே கேட்டேன். "சரித்திர வாசனை ஐயா" என்றார் செயலாளர்.

அந்த மாதமே தச்சர்கள் வந்தார்கள். இடிக்கிற பேச்சு போன இடம் தெரியவில்லை. இடித்தால் தலைவர் எங்கே படுப்பார்? ஆனால் தச்சர்கள் தலைவர் படுக்கிற அறைக்கு மேல் மட்டும் புதுத் தகரம் அடித்துவிட்டுப் போனார்கள். அரசாங்கம் சிக்கனமானது.

சாமான்களைத் திரும்பக் கேட்டு வந்தவர்களுக்கு அக்கா வாசலில் நின்று பதில் சொன்னாள்: "இது இப்ப தலைவர் வீடு. அவர்கிட்ட போய் கெரெகெரே பண்ணுங்க." வாழ்க்கையில் முதல்முறையாக இல்லை என்று சொன்னவள், அன்றைக்கு ரொம்ப நேரம் கதவைச் சாத்தாமல் நின்றாள். அவ்வளவு ருசி.

மிச்சக் கூரையைத் தலைவர் மனைவியின் சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள், அதாவது செத்தார்கள். மனைவி வீட்டுச் சாவுக்கு வராமல் இருக்க முடியுமா? சாவு வீட்டுச் சீராகப் பாயும் மண்ணெண்ணெயும் எடுத்துக்கொண்டு தலைவர் வந்தாக வேண்டும். வந்தால் தூங்கியாக வேண்டும். ஒரு பெரியம்மா செத்தபோது நடையில் வழுக்கி விழுந்தார், நடைக்குக் கூரை வந்தது. ஒரு சித்தப்பா செத்தபோது காலைச் சாப்பாட்டில் தண்ணீர் சொட்டியது, சமையலறைக்கு வந்தது. ஊரில் வயசானவர்களின் உடம்பை எல்லோரும் அக்கறையாக விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

தலைவர் மனைவியின் மாமன் சேமெசா என் கடையில் இருமினால் போதும், கவா கோப்பைகள் அந்தரத்தில் நிற்கும்.

"எதுக்குடா எல்லாரும் என்னையே பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல மாமா. வராந்தா பாக்கி இருக்கு."

"வராந்தாவுக்கெல்லாம் நான் சாக மாட்டேன். ஹாலுக்குன்னா சொல்லு, யோசிக்கலாம்."

ஆனால் அதற்குள் வேறொரு கிழவி முந்திக்கொண்டு ஹாலை வாங்கிவிட்டாள். பாவம், மாமாவுக்குக் கடைசியில் வராந்தாதான் கிடைத்தது. நல்ல வராந்தா, கைப்பிடியெல்லாம் வைத்து.

இப்போது மாளிகை ஜம்மென்று நிற்கிறது. வாசலில் பித்தளைப் பலகை வைத்து, பழமையின் மேல் தலைவருக்கு இருந்த பற்றைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். சகலைதான் திறந்து வைத்தார். அக்காவின் பின்கட்டு அறை மட்டும் இன்னும் ஒழுகுகிறது. அங்கே தலைவர் படுப்பதில்லையே.

போன மழைக்கு நான் மேலே போயிருந்தேன். பின்கட்டில் வாளி வைத்திருந்தது. அக்கா தலைவர் கட்டிலில் காலை நீட்டிப் படுத்து, ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த தடவை அந்தச் செயலாளர் வந்தா உன் அறையையும் காட்டு அக்கா. போட்டுக் குடுத்துடுவாங்க."

"வாயை மூடுடா" என்றாள், தலையணையைத் தட்டிக்கொண்டே. "அது ஒழுகறதாலதான் நான் இங்க படுக்கறேன்."