பஸ்ஸை எட்டிப் பார்த்த முகமூடி

முகமூடிக்குள் தலையை விட்டுப் பார்த்திருக்கிறீர்களா, பிள்ளைகளே? திருவிழாக் கடையில் ரப்பர் நாடாவோடு தொங்குமே, அந்தப் பிளாஸ்டிக் மூஞ்சியைச் சொல்லவில்லை. களிமண்ணில் ஒரு முகம் பிடித்து, அதன்மேல் செய்தித்தாளைக் கிழித்துக் கிழித்துப் பசை தடவி ஒட்டி, காய்ந்த பிறகு உரித்தெடுத்து வர்ணம் பூசுகிற முகமூடி. என் மகள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் அப்படி நான்கு கிழட்டு முகங்கள் செய்தார்கள். ஒன்றை வாங்கி நானும் மாட்டிப் பார்த்தேன். இரண்டு துளை வழியாக எதிர்ச்சுவர் தெரிந்தது. பக்கத்தில் நின்ற ஆள் தெரியவில்லை. குனிந்து என் காலைப் பார்க்கலாம் என்றால், முகமூடியின் தாடைதான் தெரிந்தது.

கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து தண்ணீர் குடித்தேன். அப்போது பிடித்தது பயம்.

என் மகளுக்குக் கண்ணாடி இல்லாமல் ஆகாது. சோடாப்புட்டிக் கண்ணாடி. கழற்றிவிட்டால், நீட்டிய கையில் விரல் இருப்பது அவளுக்குத் தெரியும், எத்தனை விரல் என்று தெரியாது. இந்த முகமூடியோ முகத்தோடு ஒட்டி உட்காருவது. உள்ளே கண்ணாடிக்கு இடம் கிடையாது. பள்ளிக்கூட மேடை என் நெஞ்சு உயரம் இருக்கும். முன்பக்கம் தடுப்பு எதுவும் இல்லை. கீழே சிமெண்டுத் தரை.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. கபடியில் கண்ணாடி உடையும் என்று அவளை உட்கார வைத்திருந்தார்கள். எறிபந்திலும் அப்படியே. மற்ற பிள்ளைகள் ஆடும்போது செருப்புக்குக் காவல் இருப்பதுதான் அவள் வேலை. இந்த நாடகத்துக்கு மட்டும்தான், “நீ வா” என்று அவளைக் கேட்டு எடுத்திருந்தார்கள்.

குமுளியிலிருந்து மலையிறங்கி வருகிற ஒரு மலையாள டீச்சர்தான் பழக்கினார். நாடகத்தில் பேச்சே கிடையாது. நான்கு கிழங்கள் மினி பஸ்ஸுக்குக் காத்திருக்கும், அவ்வளவுதான் கதை என்று மகள் சொன்னாள். முகமூடியில் கண்ணும் அசையாது, வாயும் அசையாது. ஆகவே கோபமோ சந்தோஷமோ முழங்கால் வலியோ, எல்லாவற்றையும் உடம்புதான் சொல்லவேண்டும். என் மகள் குடைக்காரக் கிழவர். இடுப்பில் கையை ஊன்றி, மேடையின் ஓரத்துக்கே வந்து, கழுத்தை நீட்டி பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்க்கவேண்டும். அந்த ஓரம்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

நான் ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறவன். பந்தலுக்குக் கம்பி இழுத்துக் கட்டுவேன், மருந்தடிப்பேன். என் படிப்பும் எட்டோடு சரி. எனக்குத் தெரிந்த வைத்தியம் கம்பிதான். ஒரு சனிக்கிழமை கம்பிச் சுருளும் குறடுமாகப் போய், மேடையின் இரண்டு தூணுக்கும் குறுக்கே மூன்று வரிசை இழுத்து முறுக்கிவிட்டேன். மாடு முட்டினாலும் தாங்கும்.

டீச்சர் வந்து கம்பியை விரலால் சுண்டிப் பார்த்தார்.

“நல்ல பணியாணு, சேட்டா. ஆனா பாக்க வர்றவங்க நாடகம் காணணுமா, கோழிக்கூடு காணணுமா?”

“பிள்ள விழுந்துட்டா, டீச்சர்?”

“விழக்கூடாது. எனக்கும் பேடிதான், பயம்தான். வேற வழி பாக்கணும்.”

மகள் அதுவரை தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கம்பியைப் பார்த்துக் கூட்டாளிகள் சிரித்திருப்பார்கள் போல, முகம் சுண்டியிருந்தது.

“அப்பா, முதல்ல இதக் கழட்டுங்க. தோட்டத்துல பந்தலுக்குக் கீழ கண்ணாடி இல்லாமத்தான நடக்குறேன். சொட்டுநீர்க் குழா கால்ல தட்டுப்பட்டா வரிசை முடிஞ்சுச்சுனு தெரிஞ்சுக்கிறேன்ல. அது மாதிரி ஒண்ணு இங்கன போட்டாப் போதும்.”

அவள் சொன்னது மெய்தான். பந்தலுக்குள் குனிந்து போகும்போது கொடியில் மாட்டும் என்று கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்வாள். சொட்டுநீர்க் குழாய் என்பது கட்டைவிரல் பருமனில் தரையோடு ஓடுகிற கறுப்புக் குழாய். கம்பியை அவிழ்த்துவிட்டு, கிழிந்து கிடந்த பழைய குழாயில் நீளமாக ஒன்று வெட்டி எடுத்து வந்தேன். மேடையில் கறுப்புத் துணி விரித்து, விளிம்புக்கு ஒரு சாண் உள்ளே அதன்மேல் குழாயை வைத்து ஆணி அடித்தேன். கறுப்பில் கறுப்பு, உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. வெறுங்காலோடு மகள் நடந்து வந்தாள். பெருவிரல் குழாயில் பட்டதும் நின்றாள். திரும்பப் போனாள், வந்தாள், நின்றாள். மற்ற மூன்று கிழங்களும் அதையே பிடித்துக்கொண்டன. எனக்குப் பாதி உயிர் வந்தது.

ஆண்டுவிழா அன்று சாயங்காலம் வரை தோட்டத்தில் வேலை. கொடியில் சாம்பல் நோய் விழுந்திருந்தது, கந்தகத் தூள் அடித்தோம். அப்படியே சைக்கிளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டேன். என் மனைவி கையில் செபமாலையோடு முன்னாலேயே வந்து எனக்கும் ஒரு நாற்காலி பிடித்து வைத்திருந்தாள்.

“சட்டைய மாத்திட்டு வரக்கூடாதா? கந்தக வாடை தூக்குது. பக்கத்துல இருந்தவுக எந்திரிச்சே போயிட்டாக, பாருங்க.”

“நேரமாயிருச்சு.”

“நேரம் கெடந்தாலும் நீங்க மாத்தியிருக்க மாட்டீக.”

பேசிக்கொண்டே மேடையைப் பார்த்தேன். சிவப்பாக இருந்தது. சிறப்பு விருந்தினர் பேசுவதற்காக, பந்தல் போட வந்தவர்கள் மேடை முழுக்கச் சிவப்புக் கார்ப்பெட் விரித்திருந்தார்கள். மெத்தை மாதிரிக் கனமான கார்ப்பெட். விளிம்பைத் தாண்டி முன்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. குழாய் அதற்கு அடியில் கிடந்தது.

பேச்சு முடிந்ததும் சுருட்டிவிடுவார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். பேச்சு முடிந்தது. விருந்தினர் இறங்கி முன்வரிசை சோபாவில் அமர்ந்தார். நாற்காலிகளை எடுத்தார்கள், மைக்கை எடுத்தார்கள். கார்ப்பெட்டை எடுக்கவில்லை. டீச்சர் படுதாவுக்குப் பின்னால் பிள்ளைகளுக்கு முகமூடி கட்டிக்கொண்டிருக்கிறார், அவருக்கு இது தெரிய வழியில்லை. எழுந்து ஓடி, மைக் பக்கம் நின்ற வாத்தியாரைப் பிடித்தேன்.

“சார், அந்தக் கார்ப்பெட்ட எடுக்கணும். அடியில குழா கெடக்கு.”

“குழாயா? தண்ணி ஒழுகுதா?”

“இல்ல சார். மேடை ஓரம் தெரியுறதுக்காகப் பிள்ளைகளுக்குப் போட்ட குழா.”

“அண்ணே, விருந்தினரு இப்பத்தான் எறங்கி உக்காந்திருக்காக. அவுக கண்ணு முன்னாடியே சுருட்டச் சொல்றீகளா? நாடகம் முடியட்டும்.”

அவர் சொல்லி முடிக்கவில்லை, படுதாவுக்குப் பின்னால் மத்தளம் தட்டினார்கள். நான்கு கிழங்களும் மேடைக்கு வந்துவிட்டன.

சத்தம் போடலாமா என்று நினைத்தேன். போட்டால் பிள்ளை மிரண்டு காலை எங்கே வைப்பாளோ. ஆகவே குனிந்தபடியே போய், சோபாவுக்கும் மேடைக்கும் நடுவில், அவள் வந்து நிற்கிற இடத்துக்கு நேர் கீழே குத்தவைத்து உட்கார்ந்தேன். விழுந்தால் ஏந்திக்கொள்ளலாம்.

“ஏலே, யார்ரா அது? மறைக்குது” என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்.

“மறைச்சாக்கூடப் பரவாயில்ல, நாறுது” என்றார் இன்னொருவர்.

எனக்கு நாடகம் தெரியவில்லை. கால்கள்தான் தெரிந்தன. இழுத்து இழுத்து நடக்கிற கிழட்டுக் கால்களில் என் மகளின் காலை அடையாளம் கண்டுபிடித்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஓரத்தை நோக்கி வந்தது. பெருவிரல் முன்னால் நீண்டு கார்ப்பெட்டைத் தடவியது. இந்தப் பக்கம் தடவியது, அந்தப் பக்கம் தடவியது. கிழவருக்குக் கால் மரத்துவிட்டது என்று நினைத்துச் சனம் சிரித்தது. அது குழாயைத் தேடுகிறது என்று எனக்கு மட்டும் தெரியும். பிறகு கால் இன்னும் கொஞ்சம் முன்னால் வந்தது. நான் இரண்டு கையையும் தூக்கிவிட்டேன்.

கால் நின்றது.

விளிம்புக்கு ஒரு சாண் இருக்கும். கிழவர் கழுத்தை நீட்டினார். நீளமூக்கு முகம் மெல்லக் கீழே குனிந்து நேராக என்னைப் பார்த்தது. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்தது. பிறகு குடையை உயர்த்தி, வருகிற பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி ஆட்டியது. நான் தூக்கிய கையோடு உட்கார்ந்திருந்தேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது, விருந்தினரும் சிரித்தார். கிழவர் காத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி, மற்ற மூன்று கிழங்களிடம் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். பஸ்ஸில் கூட்டம், ஏற முடியாது என்று அர்த்தம்.

 நான் அங்கேயே சிமெண்டில் சம்மணம் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகும் அவள் ஓரத்துக்கு வந்தாள். வந்தபோதெல்லாம் சரியான இடத்தில் நின்றாள். எப்படி என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் ஓடினேன். மகள் முகமூடியைக் கழற்றியிருந்தாள். நெற்றியில் முடி ஒட்டி, மூக்கின் மேல் சிவப்பாகத் தடம் விழுந்திருந்தது. அவள் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக் கண்ணாடியை மாட்டிவிட்டாள்.

“எப்படித்தா நின்ன? குழாதான் தட்டுப்படலையே.”

“தட்டுப்படலப்பா. எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. ஒரு அடி வச்சேன், கந்தக வாடை குப்புனு வந்துச்சு. சரி, அப்பா கீழ வந்து உக்காந்திருக்காக, இதுக்கு மேல மேடை இல்லனு நின்னுக்கிட்டேன்.”

“என்னைய பஸ்ஸாக்கிட்டியே?”

“ரெண்டு கையையும் தூக்குன மாதிரி மங்கலாத் தெரிஞ்சுச்சு. சும்மா திரும்புனா நல்லாவா இருக்கும்?”

டீச்சர் சிரித்தார். கார்ப்பெட் சங்கதியை முழுதாகச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. மகளின் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. “இனி நான் நடந்து பாக்காம ஒரு பிள்ளையும் மேடை ஏறாது” என்றார். என் மனைவி சட்டையைப் பற்றி அன்றைக்கு அப்புறம் வாயைத் திறக்கவில்லை.

கொஞ்ச நாளில் அல்லிநகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அதே நாடகத்தைப் போடக் கூப்பிட்டார்கள். கிளம்புகிற அன்று மனைவி அந்தச் சட்டையைக் கொண்டுவந்து நாற்காலியில் போட்டாள்.

“தொவைக்கல. இதையே போட்டுக்கங்க.”

“அங்கன கார்ப்பெட் இல்லையாம். குழா அடிச்சாச்சு.”

“இருக்கட்டும். போட்டுக்கங்க.”

போட்டுக்கொண்டேன். டீச்சர் சொன்னபடியே செருப்பைக் கழற்றிவிட்டு மேடை ஓரம் முழுக்க நடந்து பார்த்தார். மகள் வந்தாள், பெருவிரல் குழாயில் பட்டது, நின்றாள், எட்டிப் பார்த்தாள். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்த நாடகத்தைப் பார்த்தேன். கடைசியில் நான்கு கிழங்களும் ஒரே குடைக்குள் இடித்துப் பிடித்துக்கொண்டு நடந்தே போய்விடுகிறார்கள். எனக்கு அது தெரியாது.

“பஸ்ஸு கடைசி வரைக்கும் வரவே இல்லையா?” என்று மனைவியிடம் கேட்டேன்.

“அன்னைக்கு வந்துச்சே,” என்றாள் அவள், மேடையைப் பார்த்தபடியே. “கூட்டமா இருக்குனு விட்டுட்டாக.”