மன்னூபியாவின் மூன்று நிமிடம்

மன்னூபியாவைத் தலைவி என்று எங்கள் ஊரில் யாரும் கூப்பிட்டதில்லை. ஃபெலோஷிப் வந்த பிறகுதான் கூப்பிட ஆரம்பித்தார்கள், அதுவும் கேலிக்கு. அதற்கு முன்னால் அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் நானூறு பிள்ளைகளுக்குக் கோதுமை ரவை குஸ்குஸ் கிளறுகிற மன்னூபியா, சுரங்கத்தில் பாறை விழுந்து முதுகு போன லஸ்ஹரின் பெண்டாட்டி, ஷீராஸின் அம்மா. இந்த மூன்று பேருமாக இருந்துகொண்டே அவள் எந்தக் கல்யாண வீட்டிலும் கொட்டடிக்க முதல் ஆளாக நிற்பாள்.

இரண்டு கோடைக்கு முன்னால் ஊரில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. சுரங்கத்துப் பாறை கழுவுகிற ஆலைக்குத் தண்ணீர் உண்டு, பிள்ளையைக் கழுவத் தண்ணீர் இல்லை. ஆண்கள் டயரைக் கொளுத்தினார்கள், போலீஸ் வந்தது, டயர் அணைந்தது, அவ்வளவுதான். மன்னூபியா பதினோரு பெண்களைக் கூட்டிக்கொண்டு நகராட்சிப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். கையில் பெந்தீர். நம் கொட்டுதான், ஒரு பக்கம் மட்டும் தோல் கட்டிய வட்டக் கொட்டு. தினம் ஒரு புதுப் பாட்டு. அதிகாரியின் மீசை, அதிகாரியின் வீட்டுத் தொட்டி, அதிகாரியின் மாமனார் என்று ஒன்றையும் விடவில்லை. ஒன்பதாம் நாள் மாமனாரே வந்து மருமகனைத் திட்டினார். பத்தாம் நாள் தண்ணீர் வந்தது.

அந்தத் தண்ணீரோடுதான் துர்ராவும் வந்தாள். துனிஸ் தலைநகரத்துப் பெண், முப்பது வயது, பேச்சில் சர்க்கரை. கலையால் ஊரை மாற்றுகிறவர்களுக்கு உதவித்தொகையும் பயிற்சியுமாக ஒன்பது மாத ஃபெலோஷிப், அரபு நாடுகள் முழுக்கத் தேடிப் பன்னிரண்டு பேர், அதில் நீங்கள் ஒருவர் என்றாள். மூடிக் கிடந்த பழைய தானியக் கிடங்குக்குக் கூரை போட்டு மண்டபமாக்கி, சுவரில் அவள் பேரைக் கண்ணாடி போட்டு மாட்டி, சாவியை அவள் கையில் கொடுத்தார்கள். வியாழக்கிழமை பெண்கள் அங்கே கூடினார்கள். செவ்வாய்க்கிழமை ஒரு நர்ஸ் வந்து கர்ப்பிணிகளைப் பார்த்தாள். அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

பயிற்சிக்கு என்று துனிஸுக்குக் கூப்பிட்டார்கள். ஓட்டல் அறையில் மஞ்சள் தாள்களைச் சுவரெல்லாம் ஒட்டி வைத்திருந்தார்கள். உங்கள் சமுதாயத்தின் வலி எது, ஒரே சொல்லில் எழுதுங்கள் என்றார்கள். மன்னூபியா வீட்டில் படுத்திருப்பவனை நினைத்து "முதுகு" என்று எழுதினாள். ஆஹா என்று கைதட்டினார்கள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கைதட்டல் கைதட்டல்தானே. நாற்பத்தாறு வயதுவரை அவள் குஸ்குஸுக்கு யார் கைதட்டினார்கள்?

மூன்றாம் நாள், ஒவ்வொருவரும் தன் கதையை மூன்று நிமிடத்தில் சொல்ல வேண்டும் என்றார்கள். மன்னூபியா தண்ணீர்ப் பாட்டைப் பாடினாள். துர்ரா தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கு அக்கா. ஆனா மனு எழுதிக் குடுத்த மாதிரி இருக்கு. உள்ளேருந்து வரணும். ஒரு பொம்பளையோட மனசு வேணும்."

பயிற்சிக்கு வந்த மற்றப் பதினோரு பேரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிரே கேமரா. புகழுக்கு மயங்காதவர் யார்? மன்னூபியா கொட்டை எடுத்து, தன் தோழி ஹனியாவின் பாட்டைப் பாடிவிட்டாள்.

*ஏழு கதவு வீட்டுக்கு என்னைக் கட்டிக் குடுத்தாங்க,*
*ஏழு சாவியும் ஒருத்தி இடுப்புல.*
*என் டீயில சர்க்கரை போட*
*எந்திரிச்சு நின்னு கேக்கணும் நான்.*

கண்ணைத் துடைக்காதவர் அந்த அறையில் இல்லை. துர்ராவுக்கு மூக்கே சிவந்துவிட்டது.

இந்த இடத்தில் எங்கள் ஊர் மருதாணி அறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கல்யாணப் பெண்ணுக்கு மருதாணி இடுகிற அன்று கதவைச் சாத்திவிட்டுப் பெண்கள் பாடுவார்கள். அங்கே எதையும் பாடலாம். மாமியாரை, புருஷனை, பெற்றவனை, யாரை வேண்டுமானாலும். மாமியாரும் அதே அறையில்தான் இருப்பாள், வாய் திறக்க மாட்டாள். அவளும் ஒரு காலத்தில் பாடியவள்தானே. "மருதாணியோட வந்தது மருதாணியோட காயும்" என்று சொல்லித்தான் முதல் கொட்டு. கதவு திறந்த பிறகு அந்தப் பாட்டு யார் வாயிலும் இருக்காது. எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் மீறியவளை நான் பார்த்ததில்லை.

ஹனியா அடுத்த வீட்டுக்காரி. புருஷன் பிரான்சில், அவள் இங்கே மாமியார் ஜெம்ஆவோடு. மன்னூபியாவும் அவளும் ஒரே மாதத்தில் இந்தத் தெருவுக்கு மருமகளாக வந்தவர்கள். போன வருஷம் ஒரு மருதாணி அறையில் ஹனியா பாடிய பாட்டு அது.

"பேர் சொல்லலையே" என்று எட்டு மணி நேரப் பஸ் பயணம் முழுக்க மன்னூபியா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தாள். பேர் சொல்லவில்லைதான். ஆனால் எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் என்று ஒரு தாளம், ஒரு தனிக் கொட்டு உண்டு. பெண் தாய்வீட்டிலிருந்து அதைக் கொண்டு வருவாள். பாடும்போது அந்தக் கொட்டை அடித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். ஹனியாவின் தாய்வீட்டுக் கொட்டு இரண்டு அடி கனம், மூன்று லேசு, பிறகு ஒரு மூச்சு நிறுத்தம். மன்னூபியா பேரை மறைத்தாள், கொட்டை மறைக்கவில்லை. மறைக்கத் தோன்றவே இல்லை. வெளியூர்க்காரியாக இருந்தால் பாட்டை மட்டும் பாடியிருப்பாள், ஒரு வம்பும் வந்திருக்காது.

துர்ராவின் ஆட்கள் அந்தப் பாட்டை வீடியோவாக இணையத்தில் போட்ட நாலாம் நாள் கஃபேயில் ஹனியாவின் கொழுந்தன் சீட்டாடிக்கொண்டிருந்தான். யாரோ போனை நீட்டினார்கள். வார்த்தை வருவதற்கு முன்பே, கொட்டைக் கேட்டதும், மேஜையைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். அவன் சீட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனான். அன்றிலிருந்து ஹனியா தெருவுக்கு வரவில்லை. வியாழக்கிழமைக் கூட்டம் இல்லை, ரொட்டிக்கடை இல்லை, மாடியில் துணி காயப்போடுவதுகூட ஜெம்ஆ கிழவிதான்.

மன்னூபியா துர்ராவுக்குப் போன் போட்டு அழுதாள். வீடியோவை எடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் ஆயிரம் பேர் பகிர்ந்திருந்தார்கள். சிந்திய எண்ணெயை எந்தப் புட்டியில் திருப்பி ஊற்றுவது?

"எனக்கு இது வேணாம் துர்ரா. யாருக்காவது குடுத்துருங்க. நான் பள்ளிக்கூடத்துல கிளறிக்கிட்டே கெடக்கிறேன்."

"அக்கா, நீங்க வெலகுனா கிடங்கை நாங்க நடத்த முடியாதுக்கா. நர்ஸ் வர்றதும் நின்னுரும். எல்லாம் உங்க பேர்லதான் இருக்கு. இறுதி மேடை மட்டும் முடிச்சிருங்க. மூணே நிமிஷம்."

விலகினால் பதினாலு கர்ப்பிணிகள் மறுபடி ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும். விலகாவிட்டால் அவள் போகிற இடமெல்லாம் பேச்சு நிற்கும். ரொட்டிக்கடை வரிசையில் "ஏ, தலைவி வர்றாங்க, வாயைத் தைங்கடீ" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரிக்கவும் இல்லை. அதுதான் அவளுக்கு வலித்தது. வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு வருவார்கள், தையல் தைப்பார்கள், விலைவாசி பேசுவார்கள். சொந்த விஷயம் ஒரு வார்த்தை வராது.

லஸ்ஹர் படுக்கையிலிருந்தே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நானாவது பாறை விழுந்து மாட்டிக்கிட்டேன்" என்றான். "நீ கைதட்டு விழுந்து மாட்டிக்கிட்டே."

அவள் அவன் தலையணையைத் தட்டிப் போட்டாள்.

இதற்கிடையில் ஷீராஸின் கல்யாணம். இதில்தான் அவள் உயிரே இருந்தது. மகளின் மருதாணியன்று தாய் பாடக் கூடாது. தாய் பாடினால் பெண் புகுந்த வீட்டில் தரிக்க மாட்டாள், திரும்பி வந்துவிடுவாள் என்பது எங்கள் நம்பிக்கை. தாயின் மனசில் உள்ளதை அவள் தோழி ஒருத்தி, தாய் பிறந்த வீட்டுக் கொட்டை அடித்து, தாயின் வாயாக இருந்து பாட வேண்டும். ஷீராஸ் பிறந்த அன்றே ஹனியா சொல்லிவிட்டாள்: "இவளுக்கு ஒன் வாய் நான்தான்டி." இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் சொன்ன சொல். இப்போது யாரை அனுப்பிக் கேட்பது? இரண்டு முறை ஜெம்ஆ வீட்டுக் கதவைத் தட்டினாள். இரண்டு முறையும் உள்ளே சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. வேறு யாரிடமாவது கேட்கலாம் என்றால், ஹனியாவின் இடத்தில் உட்கார எவளுக்கும் துணிவில்லை. தாயின் பாட்டு இல்லாமல் பெண்ணை அனுப்பினால் அது ஊமைக் கல்யாணம். ஷீராஸ் காலம் முழுக்க அந்தப் பேரைச் சுமப்பாள்.

மருதாணியன்று மதியத் தொழுகை முடிந்து பெண்கள் வந்தார்கள். மாவு பிசைகிற பெரிய பேசின் ஒன்று வாசலருகே இருந்தது. முதலில் வந்தவள் தன் போனை அதில் போட்டாள். அடுத்தவளும் போட்டாள். யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. முப்பது போன் சேர்ந்ததும் ஒருத்தி மேலே துண்டைப் போட்டு மூடினாள். எங்கள் ஊர் மருதாணிக்கு அதுவரை யாரும் போனை இப்படி வெளியே வைத்துவிட்டு வந்ததில்லை. மன்னூபியா தன் போனையும் கொண்டு வந்து துண்டின் மேல் வைத்தாள். அது அங்கே கிடந்து அடித்துக்கொண்டே இருந்தது, துர்ராதான்.

கதவைச் சாத்தினார்கள். மருதாணியோடு வந்தது மருதாணியோடு காயும் என்று யாரும் சொல்லவில்லை. மணமகள் நிலா, மாப்பிள்ளை சூரியன் என்று ரேடியோவில் வருகிற பாட்டுகளாகப் பாடினார்கள். ஷீராஸ் அம்மாவையே பார்த்தாள். மன்னூபியா மருதாணியைக் குழைத்துக்கொண்டே இருந்தாள். குழைத்தது போதும் என்று யாராவது சொன்னால்தான் நிறுத்துவாள் போலிருந்தது.

அப்போது கதவைத் தட்டினார்கள். ஜெம்ஆ கிழவி. பின்னால் ஹனியா, இளைத்துப்போய்.

கிழவி இடுப்புச் சாவி குலுங்க நடுவில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னத்த எல்லாம் வாயைப் பொளக்குறீங்க? அடுத்த வீட்டு மருதாணிக்கு நாங்க வராம இருந்தா, அந்தப் பாட்டு எங்க வீட்டுப் பாட்டுன்னுல்ல முடிவு பண்ணிருவீங்க." மன்னூபியா பக்கம் திரும்பினாள். "பாடுனதுதான் பாடுனே. மூணு லேசை அவசரமா அடிச்சிட்டியே. தலைநகரத்துப் பயிற்சியில அதைச் சொல்லிக் குடுக்கலையா?"

ஒருத்தி களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள். ஹனியா யாரையும் பார்க்காமல் பெந்தீரை எடுத்து அடுப்பருகே காட்டித் தோலைச் சூடாக்கினாள். "மருதாணியோட வந்தது மருதாணியோட காயும்" என்றாள். பிறகு மன்னூபியாவின் தாய்வீட்டுக் கொட்டை அடித்தாள். ஒரு அடி பிசகவில்லை.

*மகளே, என் கையில மண்டபத்துச் சாவி,*
*செவுத்துல கண்ணாடி போட்ட என் பேரு.*
*தலைநகரத்துல எனக்கு நாற்காலி இருக்கு,*
*தெருவுல உக்கார ஒரு பாய் இல்ல.*
*ஒருத்தி அழுததை எடுத்துட்டுப் போயி*
*ஊரு கண்ணுல தண்ணி வாங்கினேன்.*
*போற எடத்துல ஒரு தோழியத் தேடிக்கோ,*
*அவளை யாருக்கும் பாடிக் காட்டாதே.*

தாய் பதில் சொல்லக் கூடாது. முப்பது பெண்களுக்கு நடுவில் தன் உள்ளத்தைப் பிறத்தியாள் வாயில் கேட்டுக்கொண்டு, வாய் திறக்காமல், மகளின் உள்ளங்கையில் மருதாணி வைக்க வேண்டும். வைத்தாள். வட்டம் கோணலாக விழுந்தது. ஷீராஸ் அழுதாள். தன்னை இப்படித் திறந்து போட்டால் எப்படி இருக்கும் என்று மன்னூபியாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவும் இது சாத்திய கதவுக்குள்ளே. ஹனியாவுக்கு அதுகூட இல்லை.

கலைந்து போகும்போது வாசலில் ஹனியாவின் கையைப் பிடித்தாள்.

"ஹனியா... நான் செஞ்சதுக்கு மன்னிப்பே கெடையாதுடி. வியாழக்கிழமை வருவியா?"

ஹனியா கையை உதறவில்லை. முன்னால் போகிற மாமியாரின் இடுப்பைப் பார்த்தாள்.

"சாவி யாருகிட்ட இருக்குன்னு ஒனக்குத் தெரியாதா?" என்றாள். "இப்ப ஊருக்கே தெரியுமே."

அடுத்த வாரம் துனிஸில் இறுதி மேடை. மன்னூபியா தண்ணீர்ப் பாட்டைப் பாடினாள். ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர் கனிவாகக் கேட்டார், "இன்னும் நேரம் இருக்கே. உங்க சொந்த வாழ்க்கையிலேருந்து ஏதாவது பாடுங்களேன்?"

மன்னூபியாவின் விரல்கள் தாய்வீட்டுக் கொட்டைத் தாமாகவே தொடங்கின. நாலு அடி விழுந்ததும் உள்ளங்கையைத் தோலின் மேல் வைத்து அழுத்தினாள். கோணல் வட்டம் ஒன்று அவள் கண்ணுக்குள் வந்து நின்றது.

"இருக்குங்கம்மா" என்றாள். "ஆனா அது காஞ்சு போச்சு."

அதைச் சொல்லிவிட்டு மீதி நேரத்துக்கு அப்படியே நின்றாள். பிறகு துர்ரா எழுந்தாள், அந்த அம்மா எழுந்தார், அரங்கமே எழுந்தது. அதற்கும் கைதட்டினார்கள்.