டிராலியில் வந்த கரும்பு

போன மாதம் உப்பளத்தைப் பார்க்கக் காரில் வந்த ஒரு குடும்பம், உப்பு டிராலியில் ஏறி ஒரு சுற்று போய் வரட்டுமா என்று கேட்டது. யாரிடமும் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத நான், அன்று முடியாது என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. குழந்தைகள் பயந்து பின்னால் போய்விட்டார்கள். என் கோபம் அவர்கள் மேல் இல்லை. என் மாமா மேல்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பாண்டிச்சேரியில் ஒரு துணிக்கடையில் வேலை. நான் நாலாவது படித்தபோது, காணும் பொங்கலுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார். ‘டிராலியக் கழுவி வெச்சிருக்கச் சொல்லு, ஊரச் சுத்திப் பாக்கலாம்’ என்று கூடவே ஒரு செய்தி.

கால்வாய்ப் பாலத்தைத் தாண்டினால், கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவே தீவு மாதிரி ஒரு திட்டு. அதில்தான் எங்கள் அப்பாவும் அம்மாவும் கூலிக்கு வேலை செய்த உப்பளம். பாத்திகளுக்கு நடுவே தண்டவாளம் போட்டு, உப்பு மூட்டைகளை டிராலியில் வைத்துக் கையால் தள்ளுவார்கள். பொங்கல் சமயத்தில் உப்பு எடுப்பதில்லை. டிராலி சும்மா கிடக்கும். அம்மா மேஸ்திரியைக் கெஞ்சிக் கேட்டு வாங்கியிருந்தாள்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. தாய்வீட்டிலிருந்து பொங்கல் சீர் வந்தால் அந்தக் கரும்பை வாசலில் சாய்த்து வைப்பார்கள். எந்த வீட்டுப் பெண்ணுக்குக் கூடப்பிறந்தவன் வந்தான், எவளுக்கு வரவில்லை என்று தெருவே பார்த்துவிட்டுப் போகும். எங்கள் வாசல் இரண்டு வருஷமாக வெறுமையாக இருந்தது.

அப்பா காலில் உப்புப் புண்ணோடு வீட்டில் படுத்திருந்தார். அம்மாவும் நானும் விடியற்காலையிலேயே போய் டிராலியைத் தேய்த்தோம். அம்மா புடவைமேல் அப்பாவின் பழைய சட்டையைப் போட்டிருந்தாள். தம்பி வருவதற்குள் வீட்டுக்குப் போய் நல்ல புடவை கட்டிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆனால் மாமா முதல் பஸ்ஸிலேயே உப்பளத்துக்கு வந்து இறங்கிவிட்டார்.

கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கூட மூன்று சிநேகிதர்கள். ஒருவர் தோளில் மஞ்சள் செடி கட்டிய இரண்டு கரும்பு. அதைப் பார்த்ததும் அம்மாவின் முகம் எப்படி ஆனது என்பதை என்னால் எழுத முடியாது.

“யாருப்பா இவங்க?” என்றார் கரும்பு வைத்திருந்தவர்.

மாமா அம்மாவின் சட்டையைப் பார்த்தார். சேறு அப்பிய காலைப் பார்த்தார்.

“நம்ம உப்பளத்து ஆளுங்கடா. டிராலி தள்றவங்க.”

நான் ‘மாமா’ என்று வாயெடுத்தேன். அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

“ஏறிக்கோங்க சார்” என்றாள், தன் தம்பியைப் பார்த்து.

நாங்கள் தள்ளினோம். அவர்கள் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஊர் பார்த்தார்கள். மாமா கையை நீட்டி நீட்டி, “அதோ அந்த மேடு வரைக்கும் நம்மளுதுதான்” என்றார். தண்ணீரில் நின்ற நாரைகளைக்கூட விடவில்லை.

“அதுங்களும் உன்னுதாடா?”

“நம்ம எடத்துலதான மேயுது!”

“த்தோடா! ரயிலு வுடறேன்னு இட்டாந்தியே, நடந்தே போயிருக்கலாம்டா.”

“பொங்கச் சோத்த ரொம்பத் தின்னுட்டு வந்திருக்காங்க, என்னா பண்றது” என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். அம்மா தலையைக் குனிந்து தள்ளிக்கொண்டிருந்தாள். தண்டவாளத்தைத் தூக்கி அந்தக் கறுப்புக் கண்ணாடியில் அடிக்க வேண்டும்போல் இருந்தது எனக்கு.

“ஆமா, இந்தக் கரும்பு யாருக்குடா வாங்கின?”

மாமா திரும்பவில்லை. “நமக்குத்தான். ஒடிங்கடா.”

ஒரு கரும்பைக் கடலோரம் போவதற்குள் தின்றுவிட்டார்கள். சக்கைகள் எங்கள் காலடியில் விழுந்தன. வெறுங்காலால் மிதித்துக்கொண்டே தள்ளினோம். அவர்கள் கடலில் குளித்தார்கள், மணலில் தூங்கினார்கள். திரும்பவும் நாங்களே தள்ளிக்கொண்டு வந்து விட்டோம். பஸ் சத்தம் கேட்டதும் இறங்கி ஓடினார்கள். மாமா கடைசியாகப் போனார். மிச்சமிருந்த ஒரு கரும்பும் மஞ்சள் செடியும் டிராலியில் கிடந்தன. மறந்தாரா, விட்டுவிட்டுப் போனாரா தெரியாது. எதுவானாலும் எனக்கு அது ஒன்றுதான்.

அம்மா கரும்பை எடுத்து, ஒட்டியிருந்த சக்கையை முந்தானையால் துடைத்தாள். மஞ்சள் செடியை நுனியில் சேர்த்துக் கட்டினாள். சட்டையைக் கழற்றிச் சுருட்டி இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

“வாடா, பொழுதோட போயிடலாம். எல்லாரும் வாசல்லதான் இருப்பாங்க” என்றாள். அவள் சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

கரும்பைப் பிடுங்கித் தண்டவாளத்தில் ஓங்கி ஓங்கி அடித்தேன். உடைந்த துண்டுகளைக் கால்வாயில் எறிந்தேன். மஞ்சள் செடியையும் எறிந்தேன்.

அம்மா என்னை அறைந்தாள். அதுவரை அவள் என்னை அடித்ததே இல்லை. பகலெல்லாம் அவமானப்படுத்தியவனை ஒன்றும் சொல்லாமல், எச்சில் கரும்புக்காக என்னை அடிக்கிறாளே என்று எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது.

அப்புறம் அவள் டிராலியில் உட்கார்ந்துவிட்டாள். அன்று அதில் அவள் உட்கார்ந்தது அப்போதுதான்.

“பசிக்குதுமா, வூட்டுக்குப் போலாம்” என்றேன்.

“இருடா, இருட்டட்டும்” என்றாள்.

தெரிந்த வழிக்கு எதற்கு இருட்ட வேண்டும் என்று அவளிடம் கத்தினேன்.