என்ட்ரன்ஸ் அக்கா

வடமதுரையில் அன்புக்கரசி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. 'என்ட்ரன்ஸ் அக்கா' என்றால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும்.

ப்ளஸ் டூ முடித்ததும் டாக்டருக்கு என்ட்ரன்ஸ் எழுதினாள். அரை மார்க்கில் இடம் போனது. ஒரு முழுக் கேள்விகூட இல்லை, அரை மார்க். திண்டுக்கல்லில் பி.எஸ்சி. கிடைத்தும் அப்பா தங்கமுத்து சேர்க்கவில்லை. "டாக்டருக்குப் படி, இல்லாட்டி சும்மா கெட" என்று வீட்டில் அடைத்துப்போட்டார். டிவி கிடையாது, கல்யாணம் காட்சி கிடையாது. பிள்ளை எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா, "என்ட்ரன்ஸுக்குப் படிக்குது" என்றாள். அதுவே பேராகிவிட்டது. மறுவருஷமும் இடம் கிடைக்கவில்லை. உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தார்கள், பேரும் கூடவே போனது.

சில வருஷம் கழித்து, தங்கமுத்து பேப்பரும் கையுமாக மகள் வீட்டுக்கு வந்தார். எல்.கே.ஜி. படிக்கும் பேத்தியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"என்ட்ரன்ஸையே எடுத்துட்டாய்ங்க தாயி! இனி ப்ளஸ் டூ மார்க்கு மட்டுந்தான். இவளை டாக்டராக்காம விடமாட்டேன்."

அன்புக்கரசி வந்து பிள்ளையை அவர் மடியிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினாள்.

"எம் பேரையும் எடுத்துட்டாய்ங்களான்னு அதுல பாத்துச் சொல்லுங்கப்பா."