உப்புத் தின்ற நாய்

கையெழுத்துக்கும் எழுத்துப்பிழைக்கும் முதலிலேயே பொறுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்த் தொழில் செய்கிற கை இது. பேனா வழுக்குகிறது, நான் தொட்ட காகிதத்தில் மை ஒட்டமாட்டேன் என்கிறது. படிப்பும் ஐந்தாம் வகுப்போடு சரி. பெரிய ற எங்கே வரும், சின்ன ர எங்கே வரும் என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்த அன்று நல்ல சாரல். நான் அருவிக்குப் போய்விட்டேன்.

எனக்கு ஊர் இலத்தூர். சீசன் இல்லாத மாதங்களில் அங்கே ஒரு செக்கில் வேலை. ஆனி பிறந்து சாரல் விழுந்துவிட்டால் ஐந்தருவிக்கு வந்து, ஒரு பலகையும் நாலைந்து எண்ணெய்ப் போத்தலுமாக உட்கார்ந்துவிடுவேன். குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் விற்பதும், கேட்டால் தேய்த்துவிடுவதும் தொழில். என்னைப் போல எண்ணெய்க்காரர்கள் அங்கே நிறையப் பேர் உண்டு. பஸ் வந்து நிற்கும்போதே ஓடிப்போய், இறங்குகிறவர் கையைப் பிடித்து இழுத்துவருவார்கள். எனக்கு அது வராது. வேற்றாள் முகத்தைப் பார்த்தாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கேள்வி கேட்டால் ‘ஆமா’ என்பேன். ஆமா என்று சொன்னால் ஆட்கள் சீக்கிரம் போய்விடுகிறார்கள் என்பது என் அனுபவம்.

எனக்காக ஆள் பிடித்தது எங்கள் நாய்தான். செவலை நிற நாட்டு நாய். பஸ்ஸடிக்குப் போகும், தொந்தி உள்ளவராகப் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கும், வாலைத் தூக்கிக்கொண்டு அவருக்கு முன்னால் வழிகாட்டுவதுபோல நடந்துவந்து என் பலகைக்கு எதிரே படுத்துக்கொள்ளும். வந்தவரும் ஏதோ கோயில் யானை மாலை போட்டதுபோல மகிழ்ந்து உட்கார்ந்துவிடுவார். தொந்திக்காரர் கையில் தின்பண்டப் பொட்டலம் இருக்கும் என்பது நாயின் கணக்கு. தொந்திக்கு எண்ணெய் அதிகம் செலவாகும் என்பது என் கணக்கு.

அந்த நாய்க்கு வலிப்பு வந்தது. முதல் தடவை செக்கடியில் வைத்து. நாலு காலும் விறைத்து, வாயில் நுரை தள்ளி, அது உதைத்துக்கொண்டதைப் பார்த்து செக்குமாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. என் மனைவி ஒரு திருநீற்றுக்காரரைக் கூட்டிவந்தாள். அவர் மந்திரித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த வலிப்பு வந்தது. அவர் திருநீற்றுத் தட்டையும் விட்டுவிட்டுப் போனார். தட்டு இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

பிறகுதான் தென்காசி மாட்டாஸ்பத்திரி. டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், கனத்த ஆள், குரல் அதைவிடக் கனம். பசுவும் எருமையும் வரிசையில் நிற்கும்போது ஒருவன் நாயைக் கொண்டுவந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பார்த்தார். இமையை இழுத்துப் பார்த்தார், தூக்கிப் பார்த்தார், தாழ்வாரத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடக்கவிட்டுப் பின்னங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். கம்பவுண்டர் அண்ணாச்சி என் சீசாவில் ஒரு மருந்தை ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று காகிதத்தை வெட்டிப் பக்கத்தில் ஒட்டித் தந்தார். நக்கிப் பார்த்தேன். உப்புக் கரித்தது.

மருந்து கேட்டது. வலிப்பு நின்றது. சீசா காலியானதும் மறுபடி வாங்கவேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். அங்கேதான் வம்பு. நாயைப் பார்க்காமல் மறுசீட்டு எழுதமாட்டேன் என்றார் டாக்டர்.

நாயைத் தென்காசிக்குக் கொண்டுபோவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். ஆட்டை ஏற்றுகிற கண்டக்டர், கோழிக்கூடையை ஏற்றுகிற கண்டக்டர், நாய் என்றால் சட்டம் பேசுவார். நடந்துதான் போகவேண்டும். போகிற வழியில் ஒவ்வொரு தெருவுக்கும் அந்தத் தெரு நாய்கள் எல்லைக் காவல் வைத்திருக்கும். எல்லாவற்றுக்கும் எங்கள் நாய் நின்று பதில் சொல்லியாகவேண்டும். அதற்கு என்னைப் போலக் கூச்சம் கிடையாது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எனக்கு இரண்டு கடி, அதற்கு ஒன்றும் இருக்காது.

அதனால் ஒருமுறை நாய் இல்லாமல் சீசாவை மட்டும் கொண்டுபோனேன். டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்டார். நன்றாகச் சாப்பிடுகிறதா? ஆமா சார். சாப்பிடாமல் கிடக்கிறதா? ஆமா சார். நடை தள்ளாடுகிறதா? ஆமா சார். நேராக நடக்கிறதா? ஆமா சார். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, மிகவும் அமைதியாக, நேற்று சாயங்காலம் நாய் உட்கார்ந்து பேப்பர் படித்ததா என்று கேட்டார்.

“ஆமா சார்” என்றேன்.

எருமை கொண்டுவந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஒரு எருமைகூடச் சிரித்ததாகவே எனக்கு ஞாபகம்.

“கேட்டியாய்யா” என்று டாக்டர் கம்பவுண்டரிடம் சொன்னார். “இவன் சொல்லை வச்சு மருந்து கொடுத்தா, நாய்க்கில்ல, இவனுக்குத்தான் கொடுக்கணும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “இந்த மருந்து கொஞ்சம் கூடினா நாய் கள்ளுக்குடிச்சவன் மாதிரி கால் பின்னும். கொஞ்சம் குறைஞ்சா வலிப்பு. நடுவுல ஒரு வரப்புதான் இருக்கு. அது வரப்புல நடக்குதா, வயல்ல விழுந்துட்டுதான்னு நான் கண்ணால பார்க்கணும். போய் நாயைக் கொண்டா.”

மறுபடி நடை. மறுபடி கடி.

அவர் பயந்தது போலவே நாய் வரப்பில் நிற்கவில்லை. சீசன் வந்தால் அவ்வப்போது வலிப்பு எட்டிப் பார்க்கும். டாக்டர் மருந்தைக் கூட்டுவார். சீசன் முடிந்து இலத்தூருக்குத் திரும்பினால் அதே மருந்தில் நாய் தள்ளாடும், தண்ணீர்த் தொட்டியில் முகத்தைப் போட்டுக்கொண்டு தூங்கும். டாக்டர் குறைப்பார். அடுத்த சீசனில் பழையபடி வலிப்பு. கம்பவுண்டர் மருந்தில் தண்ணீர் கலக்கிறாரோ என்று டாக்டருக்குச் சந்தேகம். நான்தான் மருந்தைக் கொட்டிவிட்டு ஆமா சொல்கிறேன் என்று கம்பவுண்டருக்குச் சந்தேகம். நாய் நடிக்கிறது என்று என் மனைவிக்குச் சந்தேகம். “ஐந்தருவிக்குப் போனா மட்டும் அதுக்கு வலிப்பு வருது. எனக்கும் அங்கன ஒரு சீசன் உக்காரக் கிடைச்சா எல்லா வியாதியும் வரும்” என்றாள்.

ஒரு வருஷம் சீசன் தொடங்குவதற்கு முன்னால் எங்கோ ஒரு வெறிநாய் குளிக்க வந்த ஒருவரைக் கடித்துவிட்டது. உடனே அருவிக்கரையில் ஒரு ஆளைக் கம்போடு நிறுத்தினார்கள். வாயில் நுரையோடு எந்த நாயைக் கண்டாலும் அடித்துப்போடுவது அவர் வேலை. விசாரணை கிடையாது. நல்ல உடம்புக்காரர், வேலையில் ஆர்வமும் இருந்தது. எங்கள் நாய்க்கு ஒரு வலிப்பு, ஒரே ஒரு வலிப்பு, அவர் கண்ணெதிரே வந்தால் கதை முடிந்தது. காலையில் மருந்து ஊற்றும்போது சீசாவில் ஒட்டிய காகித அளவை இரண்டு தடவை பார்ப்பேன். நாயோ ஒன்றும் அறியாமல் அந்தக் கம்புக்காரரோடும் சிநேகம் பிடித்து, அவர் சாப்பாட்டில் கருவாடு வாங்கித் தின்றுகொண்டிருந்தது.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாய் வழக்கம்போல ஒரு பெரிய தொந்தியைக் கூட்டிவந்தது. கோவணம் கட்டிய தொந்தி. நான் தலை நிமிராமல் எண்ணெய் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். முதுகு முடிந்து தலைக்கு வரும்போது அந்த ஆள் பேசினார். குரலைக் கேட்டதும் என் கை நின்றுவிட்டது. சட்டையும் கண்ணாடியும் இல்லாமல் டாக்டரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவருக்கும் என்னைத் தெரியவில்லை. நாயை மட்டும் தெரிந்திருந்தது.

“இது அந்த வலிப்பு நாய்தானே?” என்றார்.

“ஆமா சார்.”

“ஓ, அந்த ஆமா சாரா நீ” என்று சொல்லிவிட்டு, எண்ணெய் கண்ணுக்குள் வழிய வழிய நாயையே பார்த்துக்கொண்டிருந்தார். விடுமுறை நாளில் எதற்கு இந்தப் பார்வை என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. நாய் தன் பாட்டுக்குச் சுற்றியது. ஒரு குடும்பம் மிக்சர் போட்டது. இன்னொருவர் முறுக்கு போட்டார். பக்கத்தில் பஜ்ஜி போடுகிற அண்ணாச்சி கருகினதை எறிந்தார். கடலை அவிக்கிறவள் பானை உப்புத்தண்ணீரைச் சாய்த்த இடத்தில் போய் நின்று, பாயசம்போல நக்கியது. டாக்டர் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். அதற்குள் நாய் சுருண்டு விழுந்தது.

கால்கள் விறைத்தன. நுரை வந்தது. யாரோ ஒரு பெண் ‘வெறிநாய்’ என்று கத்தினாள். அருவிக்கடியில் நின்றவர்கள்கூட அந்தத் தண்ணீர் இரைச்சலிலும் அது கேட்டு ஓடினார்கள். கம்புக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். காலையில் கருவாடு கொடுத்த கைதான்.

டாக்டர் எழுந்து நாய்க்கு முன்னால் நின்றார். உச்சி முதல் கால்வரை எண்ணெய், மேலே ஒரு கோவணம். இது வெறி இல்லை, வலிப்பு, நான் கால்நடை டாக்டர் என்று அதட்டினார். மாட்டாஸ்பத்திரியில் அந்த அதட்டலுக்குக் காளை மாடு ஒண்ணுக்குப் போகும். இங்கே கூட்டம் சிரித்தது.

“தள்ளி நில்லும் அண்ணாச்சி” என்றார் கம்புக்காரர். “நீரு டாக்டருன்னா நான் கலெக்டரு.”

டாக்டர் இல்லாத சட்டைப்பையைத் தேடித் தொந்தியைத் தடவினார். அப்படி ஒரு நிலைமை அவருக்கு வந்து நான் பார்த்ததில்லை. அவர் கையால் தள்ளப் பார்த்தார், எண்ணெயில் வழுக்கி அவரே உட்கார்ந்துவிட்டார். கம்பு மேலே போனது.

அப்போது ஒரு குரல் கேட்டது. கரகரவென்று, பழைய கதவு திறப்பதுபோல. என்னுடையது என்று எனக்கே கொஞ்சம் பொறுத்துத்தான் தெரிந்தது.

“கம்பைக் கீழ போடும். அவரு மாட்டு டாக்டருதான். இது என் நாய். இதுக்கு வெறி இல்ல, வலிப்பு. அவருதான் மருந்து குடுக்காரு.”

கம்பு மேலேயே நின்றது. கம்புக்காரர் நாயை மறந்துவிட்டு என்னைப் பார்த்தார். எண்ணெய்க்காரர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பஜ்ஜி அண்ணாச்சி சட்டுவத்தோடு வந்து நின்று, “ஏலே, இவன் பேசுதாம்லே” என்றார்.

“அதனால என்ன?” என்று கம்புக்காரர் கேட்டார்.

“எத்தன வருசமா பக்கத்துல இருக்கான், எங்கிட்ட நாலு வார்த்தை சேர்ந்தாப்ல பேசினதில்ல. பொய் சொல்லணும்னா முதல்ல வாயைத் திறக்கணும்லா. கம்பை இறக்கும்வே, கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்.”

பொறுத்தார்கள். உதைப்பு மெல்ல அடங்கியது. நாய் எழுந்து, தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் சுவரில் முட்டுவதுபோல ஒரு சுற்று சுற்றியது. பிறகு தள்ளாடிக்கொண்டே ஓடைக்குப் போய், மூஞ்சியை முக்கிக்கொண்டு தண்ணீர் குடித்தது, குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. வெறிநாய் தண்ணீரைக் கண்டால் மிரளும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். கம்புக்காரர் ஏமாற்றத்தோடு வேட்டியை இறக்கிவிட்டார்.

டாக்டர் பலகையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். நாய் தினமும் இங்கே இப்படித்தான் தின்கிறதா என்று கேட்டார். நான் வாயைத் திறந்ததும் கையைக் காட்டினார்.

“சொல்லாதே. நானே பார்த்துட்டேன். ஊர்ல என்ன திங்குது?”

இதற்கு ஆமா என்று சொல்ல வழியில்லை. வடித்த கஞ்சி என்றேன். உப்புப் போடுவது உண்டா என்றார். இல்லை என்றேன். நாயா சமையலில் குறை சொல்லப்போகிறது என்று என் மனைவி போடமாட்டாள், அதையும் சொன்னேன்.

அவர் தொடையில் தட்டிக்கொண்டார். எண்ணெய் என் மூஞ்சியில் தெறித்தது. “அந்த மருந்தும் ஒரு உப்புதான்யா. உடம்பு ஒரு பஸ்ஸுன்னு வச்சுக்க. சாப்பாட்டு உப்பு கூட்டமா ஏறினா மருந்தை எழுப்பி இறக்கி விட்டுடும். இங்க வந்தா உப்பு, அதனால வலிப்பு. ஊருக்குப் போனா உப்பே இல்ல, மருந்து எல்லா சீட்டுலயும் படுத்துக்குது, அதனால தள்ளாட்டம். நான் பாட்டுக்குக் கூட்டிக் குறைச்சுக் கம்பவுண்டரைத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன். தண்ணியை மட்டும் மறிக்காதே, எவ்வளவு வேணும்னாலும் குடிக்கட்டும்.”

மருந்து அப்படியே இருக்கட்டும், வெளித் தீனி ஒரு துணுக்கு கூடாது, வருஷம் பூராவும் கஞ்சியில் ஒரே அளவு உப்பு என்றார். நான் சீசாவை எடுத்து நீட்டினேன். காலியாக இருந்தது. நாயைத்தான் இப்போது பார்த்தாயிற்றே, சீட்டு எழுதித் தருவார் என்று நினைத்தேன்.

“வலிப்பு வந்த அன்னைக்குப் பார்க்கிற நடை கணக்கில்ல” என்றார் டாக்டர். “நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வா. நாயோட.”

மறுநாள் போனேன். கடியைப் பற்றி எழுதவேண்டியதில்லை.

அதற்குப் பிறகு நாயைக் கட்டிப்போட்டால் ஆள் வராது. அவிழ்த்துவிட்டால் தின்றுவிடும். வேறு வழியில்லாமல் நான் கத்தப் பழகினேன். ‘நாய்க்கு ஒண்ணும் போடாதீங்க’ என்று சீசன் முழுதும் காலையிலிருந்து இருட்டும்வரை. ஏன் போடக்கூடாது என்று சண்டைக்கு வந்தவர்கள் நிறையப் பேர். வந்தவர்களில் பாதிப்பேர் எண்ணெய் வாங்கினார்கள். கம்புக்காரரும் கருவாட்டை நிறுத்திவிட்டார், வருத்தத்தோடுதான். அந்த ஆடிக்குப் பிறகு ஐந்தருவியில் நாய் விழவில்லை. டாக்டர் ஞாயிற்றுக்கிழமை வந்தால் பலகையில் உட்கார்ந்து அதன் பின்னங்காலைப் பார்ப்பார், திங்கட்கிழமை சீட்டுக்கு மறுபடி வரச்சொல்வார்.

அந்த டாக்டர் இப்போது மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர் சின்ன வயசு. போன வாரம் சீசாவோடு போய் நின்றேன். மருந்தைப் பற்றியும் உப்பைப் பற்றியும் சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் பேசிப் பழகிக்கொண்டு போனேன். அருவியில் கத்துகிற வாய் மேசைக்கு முன்னால் பழைய ஆமாவுக்கே திரும்பிவிட்டது. நாய் நன்றாக இருக்கிறதா என்றார். ஆமா சார். ஏதாவது தொந்தரவு உண்டா? ஆமா சார். அவர் பேனாவை மூடினார். நாயைக் கொண்டுவாருங்கள் என்றார்.

நாய்க்கு வயசாகிவிட்டது. முன்போல் தென்காசிவரை நடக்காது. சைக்கிளில் கூடை கட்டியிருக்கிறேன். தெரு நாய்களுக்கு அது கூடையிலிருந்தே பதில் சொல்லும். இந்த விவரமெல்லாம் வாயில் வராது, உட்கார்ந்து எழுதியாவது அவரிடம் கொடுங்கள் என்று மனைவி பேனாவைக் கையில் கொடுத்தாள். எழுதிவிட்டேன். நாளைக் காலை கிளம்பவேண்டும். கஞ்சியில் உப்புப் போட்டாயிற்று.

இலத்தூர்,
24-11-1968, ஞாயிறு.